மூன்று நாள், இருபது நிமிடம்

ஜூன் 6, வெள்ளி

தொடர்ந்து மூன்றாவது நாள். காலை ஐந்தரைக்குப் போட வேண்டிய மோட்டார் இன்றும் ஐந்து ஐம்பதுக்குத்தான் ஓடியது. மேல் தொட்டி காலி. உடம்பெல்லாம் சோப்போடு குழாயைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். எழுபத்து மூன்று வயதில் இது தேவையா?

முப்பத்தாறு வீடுகள் உள்ள இந்தக் குடியிருப்பில் மோட்டார் போடுவது, படிக்கட்டு கூட்டுவது, கேட்டில் பார்சல் வாங்கி வைப்பது, எல்லா வீட்டு மாற்றுச் சாவியையும் வைத்திருப்பது எல்லாம் மயிலாத்தாள்தான். கீழே ஜெனரேட்டரை ஒட்டிய அறையில் தனியாக இருக்கிறாள். ஒன்பது வருடமாயிற்று.

"கீழ போயி என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கலாமல்லங்க?" என்றாள் என் மனைவி தெய்வானை.

நான் எதற்குப் போய்க் கேட்க வேண்டும்? சங்கம் என்று ஒன்று இருக்கிறது; அதற்கு வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. குழுவில் இரண்டு வரி போட்டேன். அதை இங்கே மறுபடி எழுத வேண்டியதில்லை.

ஜூன் 7, சனி

மோட்டார் சரியாக 5.30. எழுதினால்தான் நடக்கிறது.

ஜூன் 12, வியாழன்

மோட்டார் 5.30. வாரம் முழுவதும் தவறவில்லை. நடைப்பயிற்சிக்கு இறங்கும்போது மயிலாத்தாள் மோட்டார் அறையிலிருந்து வெளியே வந்தாள். காலில் ரப்பர் செருப்பு, கையில் முழ நீளத்தில் ஒரு மரக்குச்சி. என்னைப் பார்த்ததும் குச்சியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

பல்லுக்கு இரண்டாம் முறை போக வேண்டும். சுரைக்காய் முற்றல்.

ஜூன் 20, வெள்ளி

குழுவில் காலையிலிருந்து ஒரே அமளி. இரண்டாம் மாடி சுகந்தி மகளின் புதுமனை புகுவிழாவுக்கு வாங்கிய வெள்ளிக் குங்குமச் சிமிழ் பார்சலில் வந்ததாம், கேட்டில் கொடுத்துவிட்டதாக கூரியர்காரர் சொல்கிறாராம். "என் கைக்கு வர்லீங்க" என்கிறாள் மயிலாத்தாள்.

ஒரு மணி நேரத்தில் நாற்பது செய்தி. "இதுபோல் எத்தனை போயிருக்கிறதோ" என்று ஒருவர். "வெளியே தெரியாமல் நடப்பது நிறைய" என்று இன்னொருவர். எது போயிற்று, யாருக்குப் போயிற்று, என்று போயிற்று? ஒருவரும் எழுதவில்லை.

நான் எழுதினேன்: "'இதுபோல்' என்று எழுதியவர், எதுபோல் என்று தேதியோடு சொல்ல வேண்டும்."

பதிலாக ஒரு பூனை கண்ணைச் சுழற்றும் படம் வந்தது.

ஜூன் 22, ஞாயிறு

செயலாளர் விஸ்வநாதன் இன்று குழுவில் ஒன்று போட்டிருக்கிறார். அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"பார்சல் விஷயம் விசாரணையில் உள்ளது. இந்த அம்மாள் மீது முன்பே வந்த புகார்: 'இந்த அம்மாளை நம்ப முடியாது. வேறு ஆள் பார்ப்பது நல்லது.' ஆகவே உறுப்பினர்கள் யோசிக்கவும்."

யார் எழுதிய புகார், என்று எழுதியது, எதைப் பற்றியது? ஒன்றும் கிடையாது. தலையும் வாலும் வெட்டிய மீனைத் தட்டில் வைத்ததுபோல் வைத்திருக்கிறார். உடனே கேட்டேன்: "நம்ப முடியாது என்றால் என்ன பொருள்? திருடுவாரா? பொய் சொல்வாரா? வேலைக்கு வரமாட்டாரா? இதை எழுதியவர் தைரியமிருந்தால் முன்வந்து பொருள் சொல்லட்டும்."

அதைத் தெய்வானைக்கும் வாசித்துக் காட்டினேன். அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்று மறுபடியும் நார் எடுக்க ஆரம்பித்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

குழுவில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அகராதி அய்யா. "அகராதி அய்யா, 'காலை வணக்கம்' என்பதில் காலை என்றால் எத்தனை மணி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பதினேழு பேர் சிரித்திருக்கிறார்கள்.

சிரிக்கட்டும். எனக்கு இந்தப் பாடம் பள்ளிக்கூடத்தில் கிடைத்ததல்ல. எட்டாவதோடு படிப்பு நின்றது. 1988-இல் ஆலையில் ஃபிட்டராக இருந்தபோது, பெல்ட்டுக்கு மேல் மூடி இல்லாத ஒரு மெஷினை நிறுத்தினேன். அதை ஓட்டும் பெண்ணின் கை ஒரு நாள் உள்ளே போகும் என்று எனக்குத் தெரிந்தது. மூடி போடாமல் ஓட்ட விடமாட்டேன் என்றேன். மறுநாள் ஒரு தாள் கொடுத்தார்கள்: "ஒழுங்கீனமாக நடந்துகொண்டாய்." நான் செய்ததில் எது ஒழுங்கீனம் என்று கேட்டேன். விசாரணை அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது உனக்கே தெரியும்" என்றார். இருபத்தொரு நாள் தற்காலிக வேலை நீக்கம். அந்த இருபத்தொரு நாளில்தான் ஆலையின் வேலை விதிகள் அடங்கிய நிலையாணைப் புத்தகத்தை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். முதல் பக்கத்திலேயே இன்ன சொல் இன்னதைக் குறிக்கும் என்று வரிசையாகப் போட்டிருந்தது. ஒழுங்கீனத்துக்கு இருபத்து மூன்று விளக்கம். மெஷினை நிறுத்தியது அதில் ஒன்றுகூட இல்லை.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பொருள் சொல்லாத ஒரு சொல் ஒரு மனுஷனை என்ன செய்யும் என்று இந்தக் குழுவில் எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டாம்.

ஜூன் 26, வியாழன்

பார்சல் கிடைத்துவிட்டது. அது கேட்டுக்கே வரவில்லையாம். கூரியர் கிடங்கில் வேறு மூட்டையோடு கிடந்திருக்கிறது. சுகந்தி கைகூப்பிய படம் மூன்று போட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நல்ல பெண்மணி.

முடிந்தது என்று நினைத்துச் சாப்பிட உட்கார்ந்தேன். அதற்குள் செயலாளர்: "பார்சல் விஷயம் தீர்ந்ததில் மகிழ்ச்சி. ஆனால் நம்ப முடியாதவர் என்ற முந்தைய புகார் அப்படியே நிற்கிறது. ஞாயிறு மாலை ஆறு மணிவரை குழுவில் வாக்கெடுப்பு."

திருட்டு இல்லை என்றாகிவிட்டது. இனி என்ன குற்றம் நிற்கிறது? அந்த ஒரு சொல்தான் நிற்கிறது. அதை எழுதிய ஆள் எந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்க்கிறாரோ.

ஜூன் 27, வெள்ளி

காப்பி கொண்டுவந்து வைத்த தெய்வானை போகாமல் நின்றாள்.

"ஏனுங்க, ஃபோன்ல பழசெல்லாம் இருக்குமல்லங்க?"

"இருக்கும்."

"மேல தள்ளிப் பாருங்க. ஆறாந் தேதி வரைக்கும்."

"எதுக்கு?"

"பாருங்கன்னா பாக்கோணும். எனக்கென்ன தெரியும், நானென்ன நெலையாணையா படிச்சேன்?"

கண் இரண்டு நாளாக உறுத்துகிறது. சின்ன எழுத்து பார்க்கக்கூடாது.

ஜூன் 28, சனி

கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கினேன்.

ஜூன் 29, ஞாயிறு

வாக்கெடுப்பில் இரண்டே கட்டம். 'வேறு ஆள் பார்க்கலாம்.' 'இவரே தொடரலாம்.' பொருள் வரையறுக்காத கேள்விக்கு வாக்களிப்பதில்லை என்று நான் எதிலும் தொடவில்லை.

மதியம் மூன்று மணிக்கு ஃபோனை எடுத்துப் பழைய செய்திகளை மேலே தள்ளினேன். பூனைப் படங்கள், பிறந்தநாள் கேக்குகள், மின்தடை அறிவிப்புகள் எல்லாவற்றையும் தாண்டி ஜூன் ஆறு வந்தது. காலை 6.02.

"இந்த அம்மாளை நம்ப முடியாது. வேறு ஆள் பார்ப்பது நல்லது."

மேலே என் பெயர், சென்னியப்பன், நாலாவது மாடி. மோட்டார் என்ற சொல்லே அதில் இல்லை. அன்று காலை எல்லாக் குழாயும் வறண்டு கிடந்ததால் எல்லோருக்கும் தெரியும் என்று விட்டிருக்கிறேன்.

நான்கரை மணிக்கு முறைப்படி ஒரு விளக்கம் எழுதிப் போட்டேன். சொற்களுக்கு வரையறை ஏன் தேவை, ஆலை நிலையாணை என்ன சொல்கிறது, செயலாளர் பெயரும் தேதியும் இல்லாமல் புகாரை வெளியிட்டது எப்படித் தவறு என்று நான்கு பத்தி. நான்காம் பத்தியின் கடைசியில், மேற்படி புகார் மோட்டார் தாமதத்தை மட்டுமே குறிக்கும் என்பதையும், அது யாரால் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

ஆறு மணிக்கு முடிவு. வேறு ஆள்: இருபத்தொன்று. இவரே: ஆறு.

இருபத்தொன்று. அந்த எண் என்னை விடாது போலிருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

லிஃப்ட்டில் மூன்றாம் மாடி ஹரிணி. கணினி வேலை பார்க்கும் பெண். மரியாதையான பெண்தான்.

"அங்கிள், நேத்து ஏதோ பெருசா போட்டிருந்தீங்களே, என்னதுங்க?"

"நீ படிக்கலையா?"

"மேல நாலு வரி தெரிஞ்சுது. 'மேலும் படிக்க'ன்னு வந்துச்சு. நான் வேலைல இருந்தேன்…" நாக்கைக் கடித்துக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்க அங்கிள், நிறைய பேர் உங்க மெசேஜ்ன்னாலே தள்ளிவிட்டுருவாங்க" என்றாள்.

மயிலாத்தாள் ஐந்தாம் தேதிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தெய்வானை அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்: "ரெண்டு வரில அவ வேலையப் புடுங்குனீங்க. திருப்பிக் குடுக்கறதுக்கு மட்டும் நாலு பக்கம் ஏனுங்க?"

ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது. இருந்தும் சாப்பிட முடியவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

காலை 6.02-க்குக் குழுவில் போட்டது:

"'இந்த அம்மாளை நம்ப முடியாது' என்று எழுதியவன் நான், சென்னியப்பன். அதன் பொருள்: ஜூன் 4, 5, 6 ஆகிய மூன்று நாள் மோட்டார் இருபது நிமிடம் தாமதம். வேறு எதுவும் இல்லை."

யாரும் பதில் எழுதவில்லை. ஒருவர் கட்டைவிரல் காட்டியிருந்தார். அது எதற்குச் சம்மதம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பத்து மணிக்குச் செயலாளர் அழைத்தார்.

"ஏனுங்க சார், எல்லாம் முடிஞ்சதுக்கப்பறம் இதெதுக்குங்க? ஓட்டுப் போட்டாச்சு. உங்க பேரையும் நான் போடல பாருங்க, உங்களுக்கு எதுக்குச் சங்கடம்னுதானுங்க எடுத்தேன்."

"என் பேரைப் போட்டிருந்தா, மோட்டார்னு யாருக்காச்சும் ஞாபகம் வந்திருக்கும்."

"முப்பத்தாறு வீட்டையும் மறுபடி யாருங்க போயிக் கேக்கறது?"

"நான் போறேன்."

ஜூலை 2, புதன்

காலை ஒன்பது மணிக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பினேன். லிஃப்ட்டில் போகவில்லை. ஒவ்வொரு மாடியாக இறங்கினேன். ஒவ்வொரு கதவிலும் நேற்றுக் குழுவில் போட்ட அதே விளக்கத்தை வாசித்தேன், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "நம்ப முடியாது என்று படித்தபோது நீங்கள் என்ன நினைத்தீர்கள்?" பதிலை அவர்கள் எதிரிலேயே எழுதிக்கொண்டு, மயிலாத்தாள் தொடரச் சம்மதமென்றால் கீழே கையெழுத்துப் போடச் சொன்னேன்.

நாலாவது மாடி, எதிர்வீடு: "கை நீளம்னு நெனச்சோமுங்க. அப்ப நீங்க அதைச் சொல்லலீங்களா?"

அதற்கு அடுத்த வீட்டு அம்மாள் குரலைத் தாழ்த்தி: "தனியா இருக்கறவங்க பாருங்க… ராத்திரில யாரோ வந்துட்டுப் போறாங்கன்னு சொல்றாங்களோன்னு."

மூன்றாம் மாடியில் ஒருவர்: "தண்ணி போடுவாங்களாட்ட இருக்குன்னு."

இன்னொருவர்: "நான் எதுவும் நினைக்கலீங்க. எல்லாரும் 'வேறு ஆள்' போட்டாங்க, நானும் போட்டேன்."

ஹரிணி: "சாவிய யார்கிட்டயோ குடுத்துட்டாங்கன்னு நினைச்சேன் அங்கிள். எங்க வீட்டுச் சாவி அவங்ககிட்டத்தான் இருந்துச்சு. அன்னைக்கே திருப்பி வாங்கிட்டேன்." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனவள் திரும்பினாள். "அவங்க ஒண்ணுமே கேக்கல. குடுத்துட்டாங்க."

சுகந்தி வீட்டில் உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. நான் கேட்பதற்கு முன்பே கையெழுத்துப் போட்டார்.

ஒருவர் கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே, "அகராதி அய்யாவா? அப்பறம் வாங்க" என்றார். அப்புறமும் போனேன்.

மதியத்துக்கு மேல் முட்டி இரண்டும் இறுகிவிட்டது. முதல் மாடியில் படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். இருபத்தேழு வீடு திறந்திருந்தது. என் ஒரு சொல்லுக்குப் பதினோரு பொருள். மோட்டார் என்று சொன்னவர்கள் இரண்டே பேர்.

ஆலையில் எனக்குத் தாள் கொடுத்தவர்களைப் பற்றி இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன். அந்தத் தாளைப் படித்த மற்றவர்கள் என்னைப் பற்றி என்னவெல்லாம் நினைத்திருப்பார்கள் என்று இன்றுவரை யோசித்ததில்லை.

கையெழுத்து இருபத்து நான்கு.

ஜூலை 3, வியாழன்

செயலாளர் நோட்டை இரண்டு முறை படித்தார். "அந்தம்மா தொடரட்டும்னு குழுவுல போட்டுடறேனுங்க சார். நீங்களே போயிச் சொல்லிடறீங்களா?" என்றார். போட்டார்.

மயிலாத்தாள் அறைக்கு ஒன்பது வருடத்தில் இன்றுதான் போகிறேன். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையால் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்தாள்.

"உக்காருங்கய்யா."

நின்றுகொண்டே சொன்னேன். எழுதியது நான் என்றேன். என்ன எழுதினேன் என்றும் சொன்னேன்.

"நீங்கன்னு தெரியுமுங்க. செயலாளரய்யா அன்னைக்கே வந்து, நாலாவது மாடில கம்ப்ளைண்ட் எழுதிட்டாங்க, நாளைக்கிருந்து ஒரு நிமிசம் பிந்தக்கூடாதுன்னு சத்தம் போட்டாருங்க."

"எதுக்குத் தாமதமாச்சு?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்து, பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டவள் பார்க்கிற பார்வை.

"அந்த ஸ்டார்ட்டர் பொட்டி கரண்ட் அடிக்குதுங்கய்யா. போன மாசம் மூணாந் தேதி தொட்டேன், தூக்கிச் செவுத்துல போட்டுருச்சு. செயலாளரய்யாகிட்டச் சொன்னேன், ஆள் அனுப்பறேன்னாரு, யாரும் வர்லீங்க. பால்காரர் அஞ்சு அம்பதுக்கு வருவாரு. அவரு வந்தப்பறம் போட்டா, எனக்கு ஏதாச்சும் ஆனாலும் பாக்க ஒரு ஆளு இருக்கும்னுட்டு, மூணு நாளு காத்திருந்து போட்டேன்."

"அப்புறம்?"

"அப்பறம் கம்ப்ளைண்ட் வந்துருச்சல்லங்க. குச்சியில அமுக்கிப் போட்டுட்டிருக்கேன்."

முப்பத்தொரு வருடம் ஃபிட்டர் நான். மோட்டார் அறை நான் தினமும் நடக்கிற வழியில் இருக்கிறது. அன்றே குச்சியைப் பார்த்தேன். ரப்பர் செருப்பையும் பார்த்தேன்.

வேலை இருக்கிறது, போக வேண்டாம் என்றேன். நோட்டைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்துகளை மட்டும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லதுங்கய்யா. ஆனா அன்னூர்ல ஒரு ஹாஸ்டலுக்கு வேலைக்கு வாரேன்னு வாக்குக் குடுத்துட்டனுங்க. இங்க இருந்தா, ஒவ்வொரு கதவத் தட்டும்போதும் இவங்க என்ன நெனச்சாங்களோன்னுதான் தோணுமுங்க."

அந்தப் பதினோரு பொருளை நான் அவளுக்கு வாசிக்கவில்லை. இருந்தும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஒண்ணு செய்யறீங்களாய்யா? அடுத்து வர்றவங்களுக்காச்சும் அந்தப் பொட்டியப் பாத்து வெச்சுருங்க."

ஜூலை 4, வெள்ளி

மெயினை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டரைத் திறந்தேன். எர்த் ஒயர் அறுந்து தொங்கியது. கேபிள் நுழையும் இடத்தில் ஒயரின் தோல் உரிந்து இரும்புப் பெட்டியில் பட்டுக்கொண்டிருந்தது. ஒயரை மாற்றி, எர்த் கொடுத்து, மூடியில் ரப்பர் வைத்தேன். டெஸ்டர் எரியவில்லை. வெறும் கையால் தொட்டேன். ஒன்றுமில்லை.

மொத்த வேலை இருபது நிமிடம்.

ஜூலை 5, சனி

மயிலாத்தாள் கிளம்பினாள். ஹாஸ்டலில் கொடுக்க ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். செயலாளர் கையெழுத்தும் சங்க முத்திரையும் வாங்கினேன். அவளுக்கு வாசித்தும் காட்டினேன்:

"மயிலாத்தாள் அவர்கள் இங்கு ஒன்பது வருடம் வேலை செய்தார். இக்காலத்தில் தாமதம்: மூன்று நாள், நாளொன்றுக்கு இருபது நிமிடம். காரணம்: மின்சாரம் தாக்கும் ஸ்டார்ட்டர். அதைப் பழுது பார்க்காதது சங்கத்தின் தவறு. காரணம் கேட்காமல் அவரைக் குறை எழுதியது கீழே கையெழுத்திட்டவனின் தவறு. முப்பத்தாறு வீட்டுச் சாவியும் அவரிடம் இருந்தது. ஒரு பொருளும் குறையவில்லை. நம்பலாம் என்று நாங்கள் சொல்வதன் பொருள் இதுவே."

"இத்தனையும் எழுதோணுங்களா?" என்று கேட்டாள்.

"எழுதணும்" என்றேன்.

தெய்வானை எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். ஹரிணி பஸ் நிறுத்தம்வரை சாக்கைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஜூலை 6, ஞாயிறு

மோட்டார் 5.30. போட்டது நான்.

ஜூலை 9, புதன்

மோட்டார் 5.30. வேலைக்குப் புது அம்மாள் வந்திருக்கிறார். பெயர் ருக்குமணி. ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தான் எது, சிவப்பு எது, தொட்டி நிறைவதை எப்படித் தெரிந்துகொள்வது என்று காட்டிக்கொடுத்தேன். ஏதாவது கோளாறு என்றால் நேரே நாலாவது மாடிக்கு வரச் சொன்னேன். நேரமாகிவிட்டாலும் பரவாயில்லை, வந்து சொல்லுங்கள், நான் கேட்கிறேன் என்றேன்.

கிளம்பும்போது கதவு மூலையில் சாய்த்திருந்ததைப் பார்த்துக் கேட்டார்: "இந்தக் குச்சி எதுக்குங்கய்யா?"

உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன்.